முதல் பேட்சுக்குப் பிறகு: லினக்ஸ் கெர்னலும் ரஸ்டும் புதியவரைப் பழக்கும் விதம்

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் புதிதாகச் சேருகிறவருக்கு வகுப்பெடுக்க யாரும் வருவதில்லை. ஆவணங்கள் இருக்கும், அவற்றில் சில பழசாகிப் போயிருக்கும். அவருக்கென்று கிடைக்கிற ஒரே பாடம், அவர் எழுதி அனுப்பிய நிரலின் மேல் இன்னொருவர் எழுதும் குறிப்புகள்தான். கோட் ரிவ்யூ என்று அதற்குப் பெயர். அலுவலகத்தில் ரிவ்யூ செய்கிறவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு. எழுதியவரும் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். இங்கே இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. எழுதியவர் நாளைக்கு வருவாரா என்பதும் தெரியாது. வராமலே போகக்கூடிய ஒருவருக்காக எவ்வளவு நேரம் செலவிடலாம்? ஒவ்வொரு திட்டமும் இதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது, எழுதி வைக்காவிட்டாலும்.

அப்படி இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்த லினக்ஸ் கெர்னல். மற்றது, 2006இல் கிரேடன் ஹோர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மொசில்லாவின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே 15 அன்று 1.0 பதிப்பைத் தொட்ட ரஸ்ட் மொழி. குறிப்பாக அதன் கம்பைலர். இரண்டிலும் சின்னத் தவறுக்கும் விலை அதிகம். கெர்னலில் ஒரு வரி தவறினால் எங்கோ ஒரு சர்வர் விழும். கம்பைலரில் தவறினால் அதைக் கொண்டு கட்டிய எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். ஆகவே இரண்டு இடத்திலும் ரிவ்யூ கறாரானது. ஆனால் கறாரான வாசலில் புதியவரை நிறுத்தி எப்படிப் பேசுவது என்பதில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன.

கெர்னலுக்குள் நிரல் போகும் வழி இன்றும் மின்னஞ்சல்தான். கிட்ஹப்பில் அதன் பிரதி ஒன்று இருக்கிறது. அங்கே புல் ரிக்வெஸ்ட் போட்டால் அது வீண். செய்த மாற்றத்தை ஒரு பேட்சாக்கி, வெறும் எழுத்து வடிவ மின்னஞ்சலாக, அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கும் அதற்குரிய மின்னஞ்சல் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புவது என்று சொல்ல கெர்னலோடே ஒரு ஸ்கிரிப்ட் வருகிறது. எழுத்துநடைப் பிழைகளைச் சொல்ல செக்பேட்ச் என்று இன்னொன்று. எச்டிஎம்எல் வடிவில் அனுப்பினால் குழுவின் சர்வர் வாசலிலேயே திருப்பிவிடும். நிரலைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கும் முன்பே, புதியவர் தன் மின்னஞ்சலை ஒழுங்குபடுத்தப் படிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் படியைத் தாண்டியவருக்குப் பழகுவதற்கென்று ஒரு இடம் உண்டு. 2008இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் தொடங்கிய ஸ்டேஜிங் பகுதி. வேலை செய்யும், ஆனால் கெர்னலின் தரத்துக்கு வராத டிரைவர்களைப் போட்டு வைக்கும் இடம் அது. ஒவ்வொரு டிரைவரோடும் இன்னும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பெரும்பாலும் வயர்லெஸ் கார்டு தயாரிப்பாளர் எப்போதோ அவசரத்தில் எழுதிக் கொடுத்த நிரல். வரிகள் நீண்டு கிடக்கும், பெயர்கள் கெர்னலின் வழக்கத்துக்கு மாறாகப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாகக் கலந்திருக்கும். கெட்டாலும் பெரிய சேதமில்லாத நிரல் என்பதால் புதியவர் துணிந்து கை வைக்கலாம். அவுட்ரீச்சி பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்காகத் தங்கள் முதல் பேட்சை இங்கேதான் அனுப்பியிருக்கிறார்கள். பாரிஸில் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் காக்சினெல் கருவியை உருவாக்கிய ஜூலியா லாவல் போன்றவர்கள் அந்த விண்ணப்பக் காலங்களில் உட்கார்ந்து இந்தச் சின்னச் சின்னப் பேட்சுகளை வரி வரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு பேட்ச் போகும் வழியைப் பார்ப்போம். ஒரு மாணவர் ஸ்டேஜிங் டிரைவர் ஒன்றில் தேவையில்லாத அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டு, கூடவே கண்ணில் பட்ட ஒரு பெயரையும் மாற்றி அனுப்புகிறார். சில மணி நேரத்தில் பதில் வருகிறது. அனுப்பியது மனிதர் இல்லை, க்ரோவா-ஹார்ட்மனின் தானியங்கி பாட்; தன்னை நட்பானது என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒரே பேட்சில் இரண்டு வேலை செய்திருக்கிறீர்கள், பிரித்து அனுப்புங்கள். தலைப்பில் டிரைவரின் பெயர் இல்லை. விளக்கத்தில் என்ன செய்தீர்கள் என்று இருக்கிறது, ஏன் செய்தீர்கள் என்று இல்லை. மாணவர் திருத்தி இரண்டாம் பதிப்பை அனுப்புகிறார். இப்போது ஒரு மனிதர் கேட்கிறார்: முதல் பதிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுதவில்லையே? மூன்றாம் பதிப்பு. அது சேர்க்கப்பட்டுவிட்டதாக ஒரு நாள் தானியங்கி மின்னஞ்சல் வரும். நான்கு அடைப்புக்குறிகளுக்கு மூன்று சுற்று.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது அலுவலகச் சிவப்பு நாடா போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மூன்று சுற்றில் அந்த மாணவர் கற்றது நிரலெழுத்தே இல்லை. ஒரு மாற்றத்துக்கான நியாயத்தை எழுதக் கற்றிருக்கிறார். கெர்னலின் கமிட் குறிப்புகள் அதனால்தான் தனித்து நிற்கின்றன. குறிப்பை ஏவல் வினையில் எழுத வேண்டும், முதலில் பிரச்சினையைச் சொல்ல வேண்டும், எந்தப் பழைய கமிட்டில் தவறு நுழைந்தது என்று தெரிந்தால் அதன் எண்ணைக் குறிக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று இன்று தேடினால் அநேகமாகப் பதில் கிடைக்கும். அந்தப் பதிலை எழுதியவரிடம் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் இரண்டாம் பதிப்பு கேட்டிருப்பார்.

கெர்னலின் பெரிய குறை கடுஞ்சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருந்தது. கெர்னலை அவுட்ரீச்சியோடு இணைத்து, புதியவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட, யுஎஸ்பி 3.0 டிரைவரை எழுதிய சேஜ் ஷார்ப், அங்கே பேசப்படும் பேச்சின் காரணமாகவே 2015இல் விலகினார். புதியவரை அழைத்து வந்தவரே போய்விட்டார் என்பதைவிடப் பெரிய விமரிசனம் ஒரு திட்டத்துக்கு இருக்க முடியாது. 2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரம் ஒதுங்கப்போவதாக எழுதினார். அதே சமயத்தில் நடத்தை விதிகளும் மாற்றப்பட்டன. அந்த அக்டோபரில் 4.19 பதிப்பை வெளியிட்டவர் க்ரோவா-ஹார்ட்மன். அதன் பிறகு தொனி தணிந்திருக்கிறது. ஆனால் திட்டு விழுந்ததெல்லாம் பெரும்பாலும் பழகிய மெயின்டெய்னர்கள் மேல்தான் என்பதையும் சொல்ல வேண்டும். மெயின்டெய்னரை எல்லார் முன்னிலையிலும் வறுத்தெடுப்பதைப் படித்துக்கொண்டிருக்கும் புதியவர் அனுப்பாமலே இருந்துவிடுவார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

புதியவரை நேரடியாக வாட்டுவது வேறொன்று: மௌனம். பேட்ச் அனுப்பிய பிறகு எதுவும் வராது. மெயின்டெய்னர் பயணத்தில் இருக்கலாம்; புதிய பதிப்புக்கான இரண்டு வார மெர்ஜ் விண்டோ நடந்துகொண்டிருக்கலாம், அந்த நேரத்தில் நெட்வொர்க் பகுதி போன்றவை புதிய அம்சங்களை வாங்கவே வாங்காது; அல்லது பேட்ச் பிடிக்காமல் இருக்கலாம். மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே. இரண்டு மூன்று வாரம் ஆகலாம், குறைந்தது ஒரு வாரம் பொறுத்துவிட்டு நினைவூட்டுங்கள் என்று ஆவணம் சொல்கிறது. பழகியவருக்கு இது இயல்பு. முதல் தடவை அனுப்பியவரோ தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். வசவுக்காவது மறுமொழி சொல்லலாம்.

ரஸ்டில் இந்த மௌனத்துக்கு இடம் வைக்கவில்லை என்பதுதான் முதலில் கண்ணில் படும் வேறுபாடு. புல் ரிக்வெஸ்ட் திறந்த சில நொடிகளில் ரஸ்ட்பாட் வரவேற்று எழுதும். ரிவ்யூ செய்ய ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கும். பதில் வராவிட்டால் என்ன செய்யலாம் என்றும் சொல்லிவிடும். அதைவிட முக்கியமானது ஒரு லேபிள். ரிவ்யூ செய்கிறவருக்காகக் காத்திருக்கிறது, அல்லது எழுதியவருக்காகக் காத்திருக்கிறது என்று அது எப்போதும் ஒரு நிலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். திருத்தி முடித்ததும் புதியவர் ரஸ்ட்பாட்டுக்கு ஒரு வரி எழுதினால் லேபிள் மறுபக்கம் மாறும். பந்து யார் கையில் என்ற சந்தேகம் இல்லை. தாமதம் இங்கேயும் உண்டு, வாரக்கணக்கிலும் ஆகும். ஆனால் தாமதத்துக்கும் நிராகரிப்புக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரிகிறது. இது ஒரு சின்ன ஏற்பாடு. புதியவரைத் தக்கவைப்பதில் ஆயிரம் இனிய சொல்லைவிட இதற்கு வலு அதிகம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. கெர்னலில் ஆசிரியர் மாணவரைச் சந்திப்பது வேலை முடிந்த பிறகு. ரஸ்டில் பல சமயம் வேலை தொடங்கும் முன்பே சந்திப்பு நடந்துவிடுகிறது. ஒரு பக் பதிவானதும், அந்தப் பகுதி தெரிந்த ஒருவர் தானே பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். அப்படிச் செய்யாமல், எந்தக் கோப்பில் எந்த ஃபங்ஷனைப் பார்க்க வேண்டும், எங்கே நிபந்தனையைச் சேர்க்க வேண்டும், எந்த டெஸ்ட் எழுத வேண்டும் என்று வழிகாட்டுக் குறிப்பாக எழுதி, வழிகாட்டி இருக்கிறார் என்ற லேபிளை ஒட்டி, அந்த வேலையைப் புதியவருக்கென விட்டுவைப்பார். கம்பைலர் குழுவின் நிக்கோ மட்சாகிஸ் இந்தப் பழக்கத்தை விடாமல் கடைப்பிடித்தவர்களில் ஒருவர். 2017 இலையுதிர்காலத்தில் புதிய அம்சங்களைப் பேசுவதை நிறுத்தி வைத்துவிட்டு, செயல்படுத்தும் காலம் என்று பெயரிட்டு, பணிக்குழுக்களாகப் பிரிந்து, மூன்று மாதம் புதியவர்களை இழுத்து வந்து வேலை பழக்கினார்கள். திட்டமாகவே எடுத்துச் செய்த வழிகாட்டல் அது.

வேலையைப் பிடித்துக்கொள்ளும் முறையும் எளிது. உரிமை கோரி ரஸ்ட்பாட்டுக்கு ஒரு வரி எழுதினால் அந்த வேலை நம் பேரில் பதிவாகும். வேறொருவர் அதையே செய்து நம் உழைப்பை வீணாக்க மாட்டார். கெர்னலில் இப்படிப் பதிவு செய்வது கிடையாது. ஒரே அடைப்புக்குறியை ஒரே வாரத்தில் மூன்று மாணவர்கள் நீக்கி அனுப்புவது ஸ்டேஜிங்கில் புதிதில்லை.

ரஸ்டில் முதல் பங்களிப்புக்கு என் பார்வையில் மிக நல்ல இடம், டெஸ்ட் தேவை என்று லேபிள் போட்ட பக்குகள். கம்பைலரையே விழவைத்த ஒரு நிரல் எப்போதோ புகாராக வந்திருக்கும். இடையில் யாரோ செய்த வேறொரு மாற்றத்தால் அது சரியாகியும் இருக்கும். அது மறுபடி திரும்பாமல் பார்த்துக்கொள்ள ஒரு டெஸ்ட் மட்டும் வேண்டும். புதியவர் சில வரி ரஸ்ட் நிரலை ஒரு கோப்பில் எழுதி, கம்பைலர் அதற்குத் தரும் பிழைச்செய்தியை எதிர்பார்க்கப்படும் விடையாகப் பதிவு செய்து அனுப்புவார். ரிவ்யூ செய்கிறவர் இந்தக் கோப்பை இன்னின்ன அடைவுக்கு மாற்றுங்கள், எந்தப் புகாருக்கான டெஸ்ட் என்று தலையில் ஒரு குறிப்பு எழுதுங்கள், மூன்று கமிட்டுகளை ஒன்றாக்குங்கள் என்பார். இதற்குள் புதியவர் கம்பைலரைத் தன் கணினியில் கட்டிப் பழகியிருப்பார். அதுதான் அங்கே பெரிய மலை. மடிக்கணினி சூடாகி மூச்சு வாங்கும். ஆனால் ஸ்டேஜிங் அடைப்புக்குறியைப் போலில்லாமல், இந்த முதல் வேலை திட்டத்துக்கே பயன்படும் வேலை. புதியவருக்கென்று ஒதுக்கிய வேலை உண்மையான வேலையாக இருப்பது ஒரு மரியாதை.

சம்மதம் என்றால் ரிவ்யூ செய்கிறவர் ஆர்-பிளஸ் என்று எழுதுவார். அதோடு மனிதர் வேலை முடிந்தது. போர்ஸ் என்ற பாட் அந்த மாற்றத்தை வரிசையில் வைத்து, பல இயங்குதளங்களில் முழு டெஸ்டுகளையும் ஓட்டி, எல்லாம் தேறினால் மட்டுமே பிரதான கிளையில் சேர்க்கும். சில மணி நேரம் ஆகும். எல்லா டெஸ்டும் தேறும் நிரல்தான் எப்போதும் கிளையில் இருக்க வேண்டும் என்பது கிரேடன் ஹோர் 2014இல் எழுதி வைத்த விதி. இதென்ன ராக்கெட் விஞ்ஞானமா என்ற கேலியோடு அதற்குப் பெயரிட்டார். புதியவரைப் பழக்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தவறை இயந்திரம் பிடித்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தால் ரிவ்யூ செய்கிறவர் பொறுமையாகப் பேச முடிகிறது. கெர்னலிலும் இன்டெல் நடத்தும் டெஸ்ட் ரோபோ மின்னஞ்சல் குழுக்களுக்கு வரும் பேட்சுகளைக் கம்பைல் செய்து பார்த்துப் பிழை இருந்தால் பதில் போடுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான வன்பொருள்களில் ஓட வேண்டிய டிரைவர்களை ஒரு டெஸ்ட் தொகுதியால் சரிபார்க்க முடியாது. பல சமயம் அந்த வன்பொருள் உலகத்தில் நான்கு பேரிடம்தான் இருக்கும். கடைசிக் காவல் மெயின்டெய்னரின் கண்தான். கெர்னல் ரிவ்யூவின் இறுக்கத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் அவர்களுடைய சுபாவம். இன்னொரு பகுதிக்குக் காரணம் இது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பண்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

ரஸ்டின் முறைக்கு விலை இல்லாமல் இல்லை. வழிகாட்டுக் குறிப்பு எழுதுவதற்கு, பக்கைச் சரிசெய்வதைவிட அதிக நேரம் பிடிக்கும். எழுதி முடித்து, ஒருவர் ஆர்வத்தோடு உரிமை கோரி, பின் காணாமல் போய், மாதம் கழித்து இன்னொருவர் வந்து முதலிலிருந்து கேட்பது அங்கே வாடிக்கை. வழிகாட்டுகிறவர்கள் களைத்துப் போகிறார்கள். வாசலில் இருக்கும் இனிமை உள்ளே எல்லா அறைகளிலும் இருக்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2021 நவம்பரில் நடத்தை விதிகளைக் காக்க வேண்டிய மட்டுறுத்தும் குழுவே, தலைமைக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லக் கட்டுப்பட்டதாக இல்லை என்று சொல்லிக் கூண்டோடு விலகியது. புதியவரிடம் காட்டும் பொறுமையை ஒருவரோடொருவர் காட்டுவது கடினம்போலும்.

கற்பிப்பதிலும் ஒரு குறை. எங்கே போக வேண்டும் என்று வரைபடம் கொடுத்துவிட்டால், வழி கண்டுபிடிக்கும் பழக்கம் தாமதமாகும். ரஸ்டில் பலரின் முதல் சில பங்களிப்புகள் குறிப்பைப் பின்பற்றியவை. குறிப்பில்லாத பக் ஒன்றை எடுக்கும் நாளில்தான் உண்மையான கம்பைலர் வேலை தொடங்குகிறது. மாற்றத்துக்கான நியாயமும் கமிட் குறிப்பில் தங்குவது குறைவு. புல் ரிக்வெஸ்ட் உரையாடலிலும் ஸூலிப் அரட்டையிலும் சிதறிக் கிடக்கும். கெர்னலில் கடிதமே வரலாறு. முப்பதாண்டு விவாதம் யாரும் படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கிறது. ஒரு மெயின்டெய்னர் இன்னொருவரின் பேட்சை எப்படிப் பிரித்து மேய்கிறார் என்று ஒரு மாதம் வெறுமனே படித்துக்கொண்டிருந்தால், பேட்ச் அனுப்பாமலே பாதி கற்றுவிடலாம். நல்ல ரிவ்யூ, நிரல் எழுதியவருக்கு மட்டும் பயன்படுவதோடு நிற்பதில்லை. கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அது பாடம்.

இனி, எது புதியவரை நன்றாக வளர்க்கிறது? பெரும்பாலான ஒப்பீடுகள் முதல் பேட்சை வைத்து அளக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு விரைவாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அந்த அளவுகோலில் கெர்னலும் சோடையில்லை. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை வரும் ஒவ்வொரு வெளியீட்டிலும் 200க்கு மேற்பட்ட புதுப்பெயர்கள் இருக்கின்றன. ஆனால் முதல் பேட்ச் மலிவு. டீ-ஷர்ட்டுக்குக்கூட வாங்கலாம். 2020இல் அக்டோபர் மாதப் போட்டியான ஹேக்டோபர்ஃபெஸ்டில் நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டீ-ஷர்ட் என்றதும், அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். இந்தியாவில் பலர் பார்த்த ஒரு யூடியூப் காணொளிக்கும் அதில் பங்குண்டு. விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று சில நாட்களிலேயே போட்டியின் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில் மெயின்டெய்னர்கள் மூடித் தள்ளிய குப்பையின் நடுவே உண்மையான புதியவர் சிலரும் மூடப்பட்டிருப்பார்கள்.

நம்பிக்கைக்கு இன்னும் மோசமான அடி 2021இல் கெர்னலில் விழுந்தது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே குறையுள்ள பேட்சுகளை அனுப்பி ரிவ்யூ அதைப் பிடிக்கிறதா என்று சோதித்திருந்தது தெரியவந்தது. அந்த ஏப்ரலில் க்ரோவா-ஹார்ட்மன் அப்பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பழைய பேட்சுகளையெல்லாம் மறுபடி பரிசீலனைக்கு எடுத்தார். இனி அங்கிருந்து எதுவும் வேண்டாம் என்றார். ஆய்வுக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. புதியவர் மேல் வைக்கும் நம்பிக்கைதான் ரிவ்யூவின் முதலீடு என்பது ஆய்வாளர்களின் கணக்கில் வரவேயில்லை. அடுத்து வந்த அறியாத மாணவரின் பேட்சை எவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் வேறு: இன்று ரிவ்யூ வாங்குகிறவர் இரண்டு வருடத்தில் ரிவ்யூ செய்கிறவராக ஆகிறாரா? இரண்டு திட்டத்திலும் பற்றாக்குறை நிரல் எழுதுகிறவர்களுக்கு இல்லை, அதைப் படித்துப் பார்க்கிறவர்களுக்கு. இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் தராசு எதிர்பாராத பக்கம் சாய்கிறது. ரஸ்டில் ஆர்-பிளஸ் சொல்லும் அதிகாரம் குழுவில் சேர்ந்தவருக்கே உண்டு. யாரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் அது திட்டத்தின் வரலாற்றில் ஏறாது. கெர்னலில் ரிவ்யூட்-பை என்ற ஒரு வரி இருக்கிறது. வேலையை உண்மையாகவே செய்த யாரும் அதைக் கொடுக்கலாம் என்று ஆவணமே சொல்கிறது. நேற்று வந்தவர் ஒரு பேட்சைக் கவனமாகப் படித்து, குறை கண்டு, திருத்தியதும் ஒப்புக்கொண்டு தன் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயர் கமிட்டோடு சேர்ந்து என்றைக்கும் நிற்கும். அந்தப் பெயருக்கு மெயின்டெய்னர் எவ்வளவு எடை கொடுப்பார் என்பது வேறு விஷயம். எடை கூடிக்கொண்டு வருவதை எல்லாரும் பார்க்கலாம். கடுமையான வீடு என்று பெயர் வாங்கிய கெர்னல், இந்த ஒரு கதவை மட்டும் பூட்டாமலே வைத்திருக்கிறது. புதியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்றால், மிகக் குறைவு. யாரும் சொல்வதில்லை.

ரஸ்டிலும் இதற்கு ஈடாக ஒன்று உண்டு. எல்லாம் சரி, இன்னும் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் பாக்கி என்ற நிலையில், ரிவ்யூ செய்கிறவர் சம்மதம் சொல்லும் அதிகாரத்தை அந்த ஒரு புல் ரிக்வெஸ்டுக்கு மட்டும் எழுதியவரிடமே கொடுத்துவிடலாம். திருத்திவிட்டு நீங்களே ஆர்-பிளஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்பார். ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அதைப் பெற்றவர் மறக்க மாட்டார். குழுவில் சேர்ப்பதற்கும் யாராவது ஒருவர் பார்த்து, முன்மொழிந்து, அழைக்க வேண்டும். அழைக்கத் தயங்குவதில்லை என்பது ரஸ்டின் நல்ல குணம். கெர்னலில் அழைப்பு வராது, நீங்களாகவே நுழைய வேண்டும்.

இரண்டு மரபும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று 2022 டிசம்பரில் உருவானது. லினக்ஸ் 6.1 பதிப்பில் ரஸ்டுக்கான ஆதரவு சேர்ந்தது. உரசல்கள் பெரிய செய்திகளாயின. 2024இல் அந்த முயற்சியின் முன்னணி உழைப்பாளிகளில் ஒருவரான வெட்சன் அல்மெய்டா ஃபில்யோ, தொழில்நுட்பம் சாராத வீண் சச்சரவுகளுக்குத் தன்னிடம் தெம்பில்லை என்று எழுதிவிட்டு விலகினார். செய்தியாகாத ஒன்றும் அங்கே நடக்கிறது. மிகுவேல் ஒஹேடா நடத்தும் ரஸ்ட் ஃபார் லினக்ஸ் திட்டம், ரஸ்ட் பாணியில், தொடக்க வேலைகளைக் கிட்ஹப்பில் லேபிளோடு பட்டியலிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறது. ஆனால் செய்ததைக் கெர்னல் பாணியில் மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். கையொப்ப வரி, யோசனை தந்தவர் பெயர், வேலையின் சுட்டி எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். அந்தக் குறிப்புகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: கெர்னலுக்குப் புதியவராக இருந்தால் மட்டும் இதை எடுங்கள், மேற்கொண்டு பங்களிக்கும் எண்ணம் இல்லையென்றால் எடுக்காதீர்கள். முதல் பேட்சை இரண்டாவது பேட்சுக்கான முன்பணமாகக் கேட்கிறார்கள். நான் பார்த்தவற்றில் புதியவரிடம் இவ்வளவு நேராகப் பேசிய வரி வேறில்லை.

என் தீர்ப்பு இதுதான். வேலை தொடங்கும் முன்பே கைகாட்டுவதிலும், யாருடைய முறை என்பதை வெளிப்படையாக வைப்பதிலும் ரஸ்ட் மேல். கெர்னலின் மற்றப் பகுதிகள் இவற்றை எடுத்துக்கொள்வதற்கு மின்னஞ்சலைக் கைவிட வேண்டியதுகூட இல்லை. நியாயத்தை எழுத வைப்பதிலும், படிக்கிற யாருக்கும் ரிவ்யூ செய்யும் உரிமையைத் திறந்து வைத்திருப்பதிலும் கெர்னல் மேல். படித்துவிட்டுச் சேர நினைப்பவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஸ்டேஜிங்கில் அடைப்புக்குறி நீக்குவதானால் மூன்று பேட்சோடு நிறுத்திவிட்டு ஒரு டிரைவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரஸ்டுக்குப் போவதானால் டெஸ்ட் தேவைப்படும் பக்கில் தொடங்கி, விரைவில் வழிகாட்டுக் குறிப்பில்லாத ஒன்றை எடுங்கள். எங்கே போனாலும், உங்கள் நிரல் ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் நாட்களில் இன்னொரு புதியவரின் நிரலைத் திறந்து, புரியாத இடத்தில் ஏன் என்று கேட்டு எழுதுங்கள்.